கண்ட ரஜ்ஜு கம்பெனி

இந்தச் சத்தம்தானே சார் உங்க தூக்கத்தைக் கெடுத்துச்சு? மன்னிச்சுக்குங்க. காசு வந்தா இந்தப் போன் அப்படித்தான் கத்தும். குறைக்க எனக்குத் தெரியாது. எம் பொண்ணு வெச்சுக் குடுத்தது, அவதான் குறைக்கணும். அவ இப்ப வீட்டுல இல்லை.

தூங்காதீங்க. ரயில்வே கேட் போட்டிருக்கான். கண்டக்டரே இறங்கி டீ குடிக்கப் போயிட்டாரு, பாருங்க. உங்க போன்ல மணி என்ன? பத்தே முக்காலா? சரி, சரி. தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்துடலாம். சேரணும்.

நான் ஜோசியன் சார். பேரு தெய்வசிகாமணி. கும்பகோணத்துல மகாமகக் குளத்துப் பக்கம் வந்து கேட்டீங்கன்னா யாரும் கை காட்டுவாங்க. எங்க அப்பாவும் ஜோசியர்தான். ஆனா அவரு காலத்துல ஜாதகம் கேக்குறவன் வீட்டுக்கு வந்தான், தட்டுல வெத்தலை பாக்கோட தட்சிணையை வெச்சான். இப்ப கேக்குறவன் கனடாவுல இருக்கான். சிங்கப்பூர்ல இருக்கான். அவன் எங்கேர்ந்து தட்டு வெப்பான்?

அதுக்குத்தான் எம் பொண்ணு திலகவதி ஒரு வெப்சைட் ஆரம்பிச்சா. ஜாதகத்தைக் கம்ப்யூட்டர்ல அச்சடிச்சாப்புல பிடிஎஃப்பா அனுப்புறது, பலனை என் குரல்லயே ஆடியோவா அனுப்புறது. கேட்டவன் கார்டுல காசு கட்டுவான். கட்டின காசு நம்ம பேங்குக்கு வரணும்னா நடுவுல ஒருத்தன் வேணும் சார். அவன் வாங்கி, கமிஷன் எடுத்துக்கிட்டு, மிச்சத்தை நமக்குப் போடுவான். பேமென்ட் கேட்வேன்னு பேரு. தரகன்னு சொன்னா நமக்குப் புரியும்.

முதல்ல போன தரகன் என்ன சொன்னான் தெரியுமா? அவங்க சேத்துக்காத தொழில்னு ஒரு வரிசை வெச்சிருக்கான். சூதாட்டம், லாட்டரி, கள்ளச் சரக்கு. அந்த வரிசையில ஜோசியம்! திலகவதி சொன்னா, "அப்பா, ஆலோசனை சேவைன்னு எழுதிக்கலாம்ப்பா. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க." ஏன் எழுதணும்? நான் எதைத் திருடினேன்? நான் ஜோசியன். ஜோசியம்னுதான் எழுதுவேன். ஏத்துக்கிறவன் ஏத்துக்கட்டும்னுட்டேன். இன்னிக்கும் அதையேதான் சொல்வேன்.

ஏத்துக்கிறேன்னு ரெண்டு பேர் மிஞ்சினாங்க. ஒண்ணு பெங்களூரு கம்பெனி. இன்னொண்ணு கோயமுத்தூர்.

திலகவதி எதையெல்லாமோ விசாரிச்சா. கமிஷன் எவ்வளவு, காசு எத்தனை நாள்ல வரும், வெளிநாட்டுக் கார்டு செல்லுமா, எவனாவது காசைத் திருப்பிக் கேட்டா என்ன பண்ணுவான். ரெண்டு கம்பெனிக்கும் போன் போட்டா. பெங்களூருல மிஷின் பேசுச்சு. ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு. கோயமுத்தூர்ல ஒரு பொம்பளை எடுத்து, "ஜோசியமுங்களா? தாராளமா பண்ணுங்க. எங்க மாமியாரே உங்க சைட்டைக் கேப்பாங்க"ன்னாளாம். இதை எம் பொண்ணு பெரிய நற்சாட்சிப் பத்திரம் மாதிரி எங்கிட்ட வந்து சொல்றா.

நான் கேட்டேன், "அதெல்லாம் இருக்கட்டும்மா. பொருத்தம் பாத்தியா?"

சிரிக்காதீங்க சார். யோசிச்சுப் பாருங்க. பொண்ணு குடுக்குறோம், பொருத்தம் பாக்குறோம். கூட்டு வியாபாரத்துக்குப் பாக்குறோம். மாடு வாங்கக்கூட நாள் பாக்குறோம். நம்ம சம்பாத்தியம் முழுக்க ஒருத்தன் கையில போய்த்தான் நம்ம கைக்கு வரப்போவுது. அவனுக்கும் நமக்கும் ஒத்துப்போவுமான்னு பாக்க வேண்டாமா? கம்பெனிக்கும் பிறந்த தேதி உண்டு. ரிஜிஸ்டர் ஆன தேதி. சர்க்கார் வெப்சைட்டுலயே இருக்கு. பிறந்த நேரத்துக்கு ஆபீஸ் திறக்குற நேரத்தைப் போட்டுக்கிட்டேன். அம்சமா ஜாதகம் விழுந்துச்சு.

எனக்கு ரோகிணி நட்சத்திரம். பெங்களூருக்குப் பூரம். பத்துக்கு ஒம்பது பொருத்தம் சார்! யோனிப் பொருத்தம் ஒண்ணுதான் இல்லை. அது கம்பெனிக்கு எதுக்கு? கோயமுத்தூருக்குச் சதயம். அஞ்சோ என்னவோ தேறுச்சு. அது போனாப் போவுது. ரஜ்ஜு இல்லை. ரஜ்ஜுன்னா தாலிக் கயித்துப் பலம்னு வெச்சுக்குங்க. ரெண்டு பேர் நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுவுல விழக்கூடாது. எனக்கும் கோயமுத்தூருக்கும் ஒரே கண்ட ரஜ்ஜு. கழுத்துல விழுந்திருக்கு. கண்ட ரஜ்ஜு பொண்டாட்டி உசுருக்கு ஆகாதும்பாங்க.

"இதுல யாருப்பா பொண்டாட்டி?"ன்னு கேட்டா திலகவதி.

"கம்பெனிதான். நம்ம வீட்டுக்கு அதுதானே வருது? செத்துப்போயிடும்"னேன்.

பெங்களூரையே முடிச்சோம். கடையைத் திறக்குற பொத்தானை வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு அமுக்கப் போறேன்னு வந்து உக்காந்தா. வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னண்டு ராகுகாலம். சொன்னா கேப்பாளா? படிச்ச பொண்ணு, வேணும்னே அமுக்குவா. அதுக்கு எங்கிட்ட ஒரு வித்தை இருக்கு சார். சண்டை போடுவேன். காப்பியில சர்க்கரை இல்லைன்னு ஆரம்பிச்சேன். டம்ளரைத் தள்ளிவிட்டேன், அது உருண்டு கூடத்துக்கே போயிடுச்சு. அவ காலேஜ்ல விட்ட அரியரை இழுத்தேன், எங்க மச்சினன் கல்யாணத்துல பந்தியில மரியாதை இல்லாததை இழுத்தேன். கோயில்ல உச்சிகால மணி அடிச்சுது. "சரி, அமுக்கு"ன்னேன். "முடிஞ்சுதாப்பா?"ன்னா. முடிஞ்சுதுன்னேன். அமுக்கிட்டா.

அவ காலேஜ் சேர்ந்த அன்னிக்கும் இதேதான். வண்டி வாங்கின அன்னிக்கும் இதேதான். கடைக்காரனோட சண்டை போட்டேன். இந்த வித்தை இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அப்பனுக்கு முன்கோபம்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நினைச்சுக்கட்டும்.

கேட் திறக்குதா? இல்லை, கூட்ஸ் வண்டிதான் போவுது. எத்தனை பெட்டி, பாருங்களேன், முடியவே மாட்டேங்குது.

நாங்க கடையைத் திறந்தது சனிப்பெயர்ச்சி நேரம் சார். எங்க தொழிலுக்குத் தீபாவளி மாதிரி. ஒவ்வொரு ராசிக்காரனும் பயந்துபோய்க் கேப்பான். இந்தப் போன் விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. பாத்தியா, ஒம்பது பொருத்தம், ஒம்பது பொருத்தம்னு நான் தெரு முழுக்கச் சொன்னேன்.

அப்பத்தான் டொராண்டோவுல ஒரு பொம்பளை பிரச்சினை பண்ணினா. அவ மகளுக்குப் பாத்த வரன் ஆகாதுன்னு எழுதியிருந்தேன். அவளுக்கு அந்த வரன் பிடிச்சிருந்துச்சு போல. கார்டு பேங்குல போய், பொருள் வந்து சேரலைன்னு எழுதிக் குடுத்துட்டா. பொய் சார்! ஆடியோவைக் கேட்டுட்டு எங்கிட்ட போன்ல சண்டை போட்டவ அவ. பெங்களூருக்காரன் எனக்கு எழுதுறான், பொருளை அனுப்பினதுக்குக் கூரியர் ரசீது காட்டு, இல்லைன்னா காசைத் திருப்பிக் குடுத்துடுவோம்னு. குரலுக்கு எந்தக் கூரியர்ல ரசீது தருவான்?

திலகவதி, "விடுங்கப்பா, நான் பாத்துக்கிறேன். அவங்க டவுன்லோட் பண்ணின விவரம் எங்கிட்ட இருக்கு, அனுப்பிடுறேன்"னா. நான்தான், கம்பெனின்னாலும் மனுஷங்கதானே, நாமளும் நல்லவிதமா ரெண்டு வார்த்தை எழுதுவோம்னு உக்காந்தேன். கோபப்பட்டு எழுதலை சார், சத்தியமா. அவங்க ஜாதகம்தான் எங்கிட்ட இருக்கே. அதைப் பாத்துப் பலன் எழுதி அனுப்பினேன். காசு வாங்காம. "தங்கள் கம்பெனி சிம்ம ராசி. அஷ்டமச் சனி ஆரம்பமாகிவிட்டது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு ஆவணிக்குள் கண்டம் உண்டு. வாகனத்தில் போகும்போது கவனம் தேவை. என் விஷயத்தில் நியாயமாக நடந்துகொண்டால் தோஷம் குறையும்." அவ்வளவுதான். பரிகாரமும் எழுதினேன், திருநள்ளாறு போயிட்டு வரச் சொல்லி. அவங்க எம்டி வீட்டு விலாசம் நெட்டுல கிடைச்சுது. பிரசாதத்தையும் ஒரு பொட்டலமாக் கட்டி அந்த விலாசத்துக்கே அனுப்பினேன்.

மறுநாளே கணக்கை முடக்கிட்டான்.

மிரட்டல்னு எழுதியிருக்கான் சார். மிரட்டல்! வந்து சேர்ந்த காசு மொத்தத்தையும் பிடிச்சு வெச்சுக்கிட்டான். விசாரணை முடிய ஆறு மாசம் ஆவும்னான். விபூதிப் பொட்டலத்தை போலீஸ்ல குடுத்து என்ன தூள்னு சோதிக்கச் சொன்னானாம். நல்லது சொன்னவனுக்கு இந்த மரியாதை. திலகவதி அந்தக் கடுதாசைப் படிச்சுட்டுத் தலையில கை வெச்சுக்கிட்டு உக்காந்தா. "ஏம்ப்பா இப்படி எழுதினீங்க?"ன்னா. எப்படி எழுதினேன்? பலன் எழுதினேன். நாப்பது வருஷமா எழுதுற மாதிரிதான் எழுதினேன்.

பொருத்தம் என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கப்போறீங்க. எல்லாரும் கேட்டாச்சு. தெருவுல டீக்கடைக்காரன் வரைக்கும் கேட்டாச்சு. நான் அப்புறம் தோண்டிப் பாத்தேன் சார். அந்த பெங்களூரு கம்பெனி முன்னாடி வேற பேர்ல இருந்து, மாறினது. அப்ப அந்தத் தேதி உண்மையான பிறந்த தேதியே இல்லை. பொய் ஜாதகம் குடுத்துக் கல்யாணம் பண்ணினா ஜோசியன் என்ன பண்ணுவான்? என் கணக்குல தப்பில்லை. எந்தச் சபையில வேணாலும் வந்து சொல்வேன்.

ரெண்டு நாள் போன் கத்தலை. மூணாம் நாள் கத்துச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. முடக்கின கணக்குக்கு எப்படிக் காசு வருதுன்னு பாத்தா, கோயமுத்தூர்! திலகவதி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கடையை அங்க மாத்திட்டா. ஆச்சா, டொராண்டோக்காரி மாதிரியே இன்னொருத்தன் துபாய்லேர்ந்து பொருள் வரலைன்னான். அந்தக் கோயமுத்தூர்ப் பொம்பளையே அவன்கிட்டப் பேசி, அவன் ஆடியோவைத் திறந்து கேட்ட நேரத்தைக் காட்டி, வாயை அடைச்சிருக்கா. இருக்கட்டும். நல்லாத்தான் பண்றாங்க. நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா கண்ட ரஜ்ஜு கண்ட ரஜ்ஜுதான்.

அன்னிக்கு வீட்டுல நடந்தது நிஜச் சண்டை. ராகுகாலச் சண்டை இல்லை. "என்னைக் கேக்காம எப்படி மாத்தலாம்?"னு நான் கத்தினேன்.

அவ கத்தலை சார். மெதுவாத்தான் சொன்னா. "அப்பா, கலைவாணனுக்குத் திருவோணம். எனக்கு அஸ்தம். எங்களுக்கும் கண்ட ரஜ்ஜுதான். அதான் உங்ககிட்டச் சொல்லாம இருந்தேன். நாங்க கல்யாணம் பண்ணிக்கப்போறோம்."

கலைவாணன்னு ஒரு பையன். பட்டுக்கோட்டைக்காரன். எங்க சைட்டுக்குப் படமெல்லாம் போட்டுக் குடுத்தவன். நல்ல பையன்தான் சார். வீட்டுக்கு வந்தா செருப்பை வரிசையா விடுவான். ஜாதகத்தைக் கேட்டேன், மறைக்காம அப்படியே கொண்டாந்து நீட்டினான். பிறந்த நாளை ஒரு நாள் தள்ளிச் சொல்லியிருந்தாக்கூட எனக்குத் தெரியாது. சொல்லலை.

முடியாதுன்னுட்டேன். கம்பெனி செத்தா வேற கம்பெனி. பொண்ணு?

அப்ப அவ ஒண்ணு கேட்டா. "அம்மாவுக்கும் உங்களுக்கும் எத்தனைப்பா?"

ஒம்பது. எங்க அப்பா பாத்த பொருத்தம். ஊரே மெச்சின பொருத்தம். ரஜ்ஜு, வேதை, எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. திலகவதிக்கு எட்டு வயசுல அவ அம்மா காய்ச்சல்னு படுத்தா. எழுந்திரிக்கலை.

"ஒம்பது இருந்துமாப்பா?"ன்னா.

அது ஆயுள் பாவம் சார், ஜாதகத்துல ஆயுசைச் சொல்ற வீடு. ஆயுள் பாவம் வேற கணக்கு, பொருத்தம் வேற கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. இதை அவகிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அவ பையை எடுத்துக்கிட்டுத் தஞ்சாவூருக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா.

பயமா இருக்கு சார் எனக்கு. வேற ஒண்ணுமில்லை. ஜாதி பாக்குறேன், கௌரவம் பாக்குறேன்னு தெருவுல பேசுறானுங்க, பேசட்டும். ஒரு தடவை தூக்கிக் குடுத்தவன் நான். அவளையும் குடுக்க என்கிட்ட தெம்பு இல்லை.

போனாளே தவிர சைட்டை ஒரு நாள் நிறுத்தலை சார். அங்கேர்ந்தே பாக்குறா. கோயமுத்தூர்க் கணக்குல ஏதாவது மாத்தணும்னா என் போனுக்குத்தான் ஓடிபி வரும். அதைக் கேக்க மட்டும் பேசுவா. "ஓடிபி சொல்லுங்கப்பா." நான் கண்ணாடியைத் தேடுறேம்பேன். தேடுவேன். சட்டைப் பையிலயேதான் இருக்கும். ஒவ்வொரு எண்ணா நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். நடுவுல ஒண்ணைத் தப்பாச் சொல்லிட்டேன்னா இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருக்கும். அடிக்கடி தப்பாப் போயிடுது, வயசாவுதுல்ல. ஆனா இந்த ஒரு மாசமா தினம் ஓடிபி கேக்குறா. அந்தக் கம்பெனியில அப்படி என்னத்தைத்தான் தினம் மாத்துறாளோ.

முந்தாநாளும் கேட்டா. சொன்னேன். போனை வெக்கப்போறான்னு பாத்தா, வெக்கலை. "அப்பா, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போடுறோம். மூணு சாட்சி வேணுமாம். ரெண்டு பேர் ரெடி. மூணாவது ஆள் வர்ற வரைக்கும், பன்னண்டு மணி ஆனாலும் உக்காந்திருப்போம்"னா.

வெள்ளிக்கிழமை பதினொண்ணு! கேட்டீங்களா? ராகுகாலத்துக்கு நட்ட நடுவுல! எட்டு வயசுல ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாத்தையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சவ சார் அவ. அம்மா போன புதுசுல அவளை மடியில வெச்சுக்கிட்டு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வாரத்துல எத்தனை நாள் இருக்கு, எத்தனை மணி இருக்கு, போயும் போயும் இதையா எடுப்பா? எல்லாத்தையும் மறந்துட்டா. எனக்கு ஆத்திரம் தாங்கலை. வரமாட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்.

நான் கல்யாணத்துக்குப் போகலை சார். அதை நல்லாப் புரிஞ்சுக்குங்க. சண்டைக்குப் போறேன்.

ரஜ்ஜுவை என்னால மாத்த முடியாது. அது ஆகாசத்துல இருக்கு. ஆனா மணி என் கையில இருக்கு. வாசல்லயே ஆரம்பிப்பேன். இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்னு கத்துவேன். ரிஜிஸ்ட்ரார் வெளிய வருவாரு. அவர்கிட்ட சட்டம் கேப்பேன். பியூனோட மல்லுக்கு நிப்பேன். கலைவாணனை நாலு வார்த்தை கேப்பேன், பாவம், அவன் தாங்குவான். போலீசைக் கூப்பிட்டா இன்னும் நல்லது, அவங்க வர்றதுக்கே அரை மணி ஆவும். பன்னண்டு அடிக்கிற வரைக்கும் ஒருத்தனையும் பேனாவைத் தொட விடமாட்டேன். அடிச்சப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். போட்டுக்கட்டும். எம் பொண்ணு ஆயுசுக்கும் என்னைத் திட்டட்டும், கல்யாணத்துல வந்து கலாட்டா பண்ணின அப்பன்னு. திட்டறதுக்கு அவ இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.

பையிலயா? மாலை. சாமிக்கு. ரெண்டு எதுக்குன்னா, பூக்கடைக்காரன் ஜோடியாத்தான் தருவேன்னான். உங்களுக்கு எல்லாத்தையும் விளக்கணும்.

ஹார்ன் அடிக்கிறான், திறந்துட்டான் போல. மணி என்ன இப்ப? பத்து அம்பத்தஞ்சா? அய்யோ. பதினொண்ணுக்கு அங்க நிக்க முடியாதே. ஒரே ஒரு நம்பிக்கைதான் சார். அந்த மூணாவது சாட்சி. எந்தப் புண்ணியவானோ, யாரா இருந்தாலும் சரி, அவனும் இப்படி எங்கயாவது ஒரு கேட்ல மாட்டிக்கிட்டு நிக்கணும்னு கும்பேஸ்வரரை வேண்டிக்கிட்டிருக்கேன். அவன் வராம அவங்க கையெழுத்து போட முடியாதுல்ல?

ஆதார் கார்டா? இருக்கே, சட்டைப் பையில. ஏன் கேக்குறீங்க? முந்தாநாள் போனை வெக்கும்போது அவதான் சொன்னா, கோயமுத்தூர்க் கம்பெனிக்கு ஏதோ வேணுமாம், வரும்போது ஆதாரை எடுத்துட்டு வாங்கன்னு. வரும்போதாம்! எப்படிப் பேசுறா, பாருங்க. வரமாட்டேன்னு அவ காது கிழியக் கத்தியிருக்கேன் சார் நான்.